மைக்ரோஃபாரட் மட்டும் போதுமா?

"ஆயிரம் மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருக்கா?" மும்பை லாமிங்டன் ரோட்டில் என் கடைக்கு வருபவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். நானும் பல வருஷம் அந்த ஒரு எண்ணையும் வோல்ட்டையும் மட்டுமே பார்த்துக் கொடுத்துவந்தேன். ஒருநாள் நம்மூர் மெக்கானிக் ஒருவர், செட்டாப் பாக்ஸ் அடாப்டரில் போட்ட கெபாசிட்டர் மூன்றாம் தடவையாக உப்பிப்போய்விட்டதென்று கொண்டுவந்து வைத்தார். "ஐயா, அளவு சரியாத்தானே இருக்கு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் டேட்டாஷீட்டைப் படிக்க உட்கார்ந்தேன்.

அடாப்டருக்குள் இருக்கும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித் தருகிறது. மின்சாரம் வரும்போது வாங்கிச் சேர்த்து, வராதபோது எடுத்துக் கொடுப்பது வெளியீட்டுக் கெபாசிட்டரின் வேலை. இந்த வரவுசெலவு முழுவதும் அதற்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு தடை வழியாகத்தான் நடக்கிறது. அதற்கு ஈ.எஸ்.ஆர். என்று பெயர்.

ஒரு எளிய கணக்கு பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் ஃப்ளைபேக் அடாப்டர், 65 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் 40 சதவீத நேரம் கெபாசிட்டர்தான் லோடைத் தாங்குகிறது என்று கொள்வோம். 1000 மைக்ரோஃபாரட் இருந்தால், கொள்ளளவால் வரும் ஏற்ற இறக்கம் சுமார் 12 மில்லிவோல்ட். ஈ.எஸ்.ஆர். 0.1 ஓம் என்றால் அதனால் வருவதோ சுமார் 330 மில்லிவோல்ட்! உள்ளே பிறக்கும் சூடு கால் வாட்டுக்கு மேல். 0.03 ஓம் உள்ள ரகம் போட்டால் சூடு 0.08 வாட்தான்.

சூடுதான் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு எமன். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்டிருந்தால், 75 டிகிரியில் சுமார் 16,000 மணி நேரம் வரும். 85 டிகிரி ரகம் என்றால் 4000 மணி நேரம்தான். ஓயாமல் ஓடினால் ஆறு மாசம்கூட இல்லை.

அதற்காக ஈ.எஸ்.ஆர். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றும் நினைக்க வேண்டாம். எல்எம்2576 போன்ற பழைய சிப்புகள், அது மிகவும் குறைந்தால் நிலைகுலையும். செராமிக் போடுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: வோல்ட் ஏற ஏறப் பல செராமிக் ரகங்களின் கொள்ளளவு வெகுவாகக் குறையும்.

ஆகவே மைக்ரோஃபாரட், வோல்ட் இவற்றோடு ஈ.எஸ்.ஆர்., ரிப்பிள் கரண்ட், வெப்ப அளவு, ஆயுள் மணி எல்லாம் கேட்டு வாங்குங்கள். நான் அந்த மெக்கானிக்குக் கொடுத்திருந்தது சாதாரண 85 டிகிரி ரகம். அளவு சரிதான், சரக்கு சரியில்லை. நான்காவது கெபாசிட்டருக்கு அவரிடம் நான் காசு வாங்கவில்லை.