தைராய்டு நுண்புற்றில் தொடர் கண்காணிப்பு

தொடர் கண்காணிப்பு என்பது தைராய்டு சுரப்பியில் (கேடயச் சுரப்பி) காணப்படும் மிகச் சிறிய, தீவிரம் குறைந்த புற்றுக்கட்டியை உடனே அறுவை செய்யாமல், குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வரும் மருத்துவ முறை ஆகும். கட்டி வளர்ந்தாலோ பரவினாலோ அறுவை செய்யப்படும். எனவே இது சிகிச்சையைக் கைவிடுதல் அன்று. தேவை உறுதியாகும்வரை அறுவையைத் தள்ளிவைத்தல் ஆகும்.

பின்னணி

தைராய்டுப் புற்றுகளுள் மிகுதியாகக் காணப்படுவது பாப்பில்லரி வகை. இவ்வகையில் 1 செ.மீ. அல்லது அதற்கும் குறைவான கட்டி நுண்புற்று எனப்படும். 1985இல் பின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டு சுரப்பிகளை நுணுகி ஆராய்ந்தபோது, 36 பேரிடம் இப்புற்று இருந்தது. ஆகவே, பலர் இத்தகைய கட்டியுடனேயே, அதனை அறியாமலும் அதனால் துன்புறாமலும் வாழ்ந்து முடிக்கின்றனர் எனத் தெரியவந்தது.

தென்கொரியாவில் கழுத்து ஸ்கேன் பரவலானபின், 2011இல் தைராய்டுப் புற்று கண்டறியப்படும் வீதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கானது. இறப்பு வீதமோ ஏறத்தாழ மாறவில்லை. இது மிகைக் கண்டறிதல் எனப்படுகிறது.

வரலாறு

இம்முறையை 1993இல் சப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனையில் மருத்துவர் அகிரா மியாவுச்சி முன்மொழிந்தார். அங்கு கண்காணிக்கப்பட்ட 1,235 பேரின் முடிவுகள் 2014இல் வெளியாயின. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குக் கட்டி 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தது; ஏறத்தாழ 4 விழுக்காட்டினருக்கு நிணநீர்க் கணுவில் பரவியது. இப்புற்றால் எவரும் இறக்கவில்லை. முதியோரைவிட இளையோரிடமே கட்டி வளரும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015இல் இதனைக் கருதத்தக்க வழியாக ஏற்றது.

யாருக்குப் பொருந்தாது

* நிணநீர்க் கணுக்களிலோ பிற உறுப்புகளிலோ பரவியிருந்தால்
* கட்டி மூச்சுக்குழலை அல்லது குரல்வளை நரம்பை ஒட்டியிருந்தால்
* ஊசிப் பரிசோதனையில் தீவிர வகை எனத் தெரிந்தால்
* தொடர்ந்து பரிசோதனைக்கு வர இயலாவிட்டால்

அறுவையுடன் ஒப்பீடு

அறுவையில் கட்டி அகற்றப்படுவதால் நோயாளிக்கு மனநிம்மதி கிடைக்கிறது. ஆயினும், குரல்வளை நரம்பு பாதிக்கப்பட்டால் குரல் கம்மலாம். இணைதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கால்சியம் குறையலாம். சுரப்பி முழுவதும் நீக்கப்பட்டவர் வாழ்நாள் முழுதும் தைராக்சின் மாத்திரை உண்ணவேண்டும். நுண்புற்றுக்கு அறுவையே தேர்ந்தாலும், பெரும்பாலும் சுரப்பியின் ஒரு மடலை மட்டும் நீக்குவது போதுமானது.

கண்காணிப்பில் இத்தீங்குகள் தவிர்க்கப்படுகின்றன. ஆனால் "உடலில் புற்று இருக்கிறது" என்னும் அச்சத்துடன் வாழவேண்டியுள்ளது. அதனைத் தாங்க இயலாதவர் அறுவையைத் தேர்வதும் தவறன்று.

தென்னிந்தியச் சூழல்

ஆனைமலைத் தொடரின் மறுபுறத்திலுள்ள கேரளத்தில், திருவனந்தபுரம் புற்றுநோய்ப் பதிவகம் இந்தியாவின் பல பதிவகங்களைவிட உயர்ந்த தைராய்டுப் புற்று வீதத்தைக் காட்டுகிறது. இதில் மிகைக் கண்டறிதலுக்குப் பங்குண்டு என 2017இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை கருதியது.

இம்முறை வெற்றிபெறத் தொடர் பரிசோதனை இன்றியமையாதது. முதலில் ஆறு மாதத்திலும், பின் ஆண்டுக்கொரு முறையும் ஸ்கேன் எடுப்பது வழக்கம். முந்தைய படங்களுடன் ஒப்பிட்டே வளர்ச்சி கணிக்கப்படுவதால், அவற்றைப் பாதுகாத்து வைத்தல் வேண்டும். இயன்றவரை ஒரே மையத்தில் எடுத்தல் நன்று. வால்பாறையில் வாழும் ஒருவர் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ செல்ல, 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையில் இறங்கவேண்டும். எனவே தொலைவும் செலவும் முடிவில் இடம்பெறுகின்றன. எனினும், அறுவை செய்துகொண்டவருக்கும் இரத்தப் பரிசோதனையும் மருத்துவரைக் காணலும் தொடரும் என்பதையும் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* தைராய்டு சுரப்பி
* புற்றுநோய்
* முன்கழுத்துக் கழலை