எலிசபெத் அரசி, பெல்ஜியம் (1876–1965)

பவேரியாவில் பிறந்தவர். தந்தை கோமகனாக இருந்தும் கண் மருத்துவம் பார்த்தவர். 1900இல் பெல்ஜிய இளவரசர் ஆல்பர்ட்டை மணந்து, 1909இல் அரசியானார்.

1914இல் பிறந்த நாடான ஜெர்மனியே புகுந்த நாட்டின் மீது படையெடுத்தது. குழந்தைகளை இங்கிலாந்தில் விட்டுவிட்டுத் திரும்பிவந்த அரசி, போர்முனைக்கு அருகே டெ பன்னே கடற்கரையில் கணவருடன் தங்கினார். அங்கே ஓட்டல் ஒன்றை டாக்டர் அந்துவான் தெபாஜ் போர்க்கால மருத்துவமனையாக மாற்றினார். காயம்பட்ட சிப்பாய்களைப் பார்க்க அரசி அடிக்கடி வருவார்.

வயலின் என்றால் அவருக்குத் தீராத பித்து. ஐன்ஸ்டைனோடு சேர்ந்தே வாசித்திருக்கிறார்! 1937இல் அரசியின் ஆதரவில் தொடங்கிய வயலின் போட்டியில் முதல் பரிசு பெற்றவர் டேவிட் ஒய்ஸ்திராக். இன்று அது அரசியின் பெயரிலேயே நடக்கிறது.

பனிப்போர்க் காலத்தில், எண்பதைக் கடந்த வயதில், மாஸ்கோவுக்கும் பெய்ஜிங்குக்கும் போய்வந்தார். பெல்ஜிய அரசாங்கம் முகம் சுளித்தது. ‘சிவப்பு அரசி’ என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.