அரிசி ஆலையின் தூசி எங்கே போகிறது?

பெரும்போக அறுவடை முடிந்ததும் அம்பாறை மாவட்டத்தின் சாகாமக் குளத்து வயல்களில் விளைந்த நெல் கரையோர ஆலைகளுக்கு வந்து சேர்கிறது. 100 கிலோ நெல்லைக் குத்தினால் ஏறத்தாழ 20 கிலோ உமி கழியும். அதோடு தவிட்டுத் துகளும் மண்ணும் சுணையும் காற்றில் கிளம்பும். இதைப் பிடிப்பதற்கென்றே சைக்ளோன் உள்ளிட்ட இயந்திரத் தொகுதி இருக்கிறது. ஆனால் "சைக்ளோன் பூட்டியாச்சு" என்றதோடு வேலை முடிந்ததாக நினைப்பது தவறு.

அந்தத் தொகுதியின் முதல் உறுப்பு, தூசி கிளம்பும் இடத்தில் வைக்கும் உறிஞ்சு வாய். அதிகம் பிழைக்கும் இடமும் இதுதான். குழாய் வாயிலிருந்து அதன் விட்டமளவு தள்ளிப் போனாலே காற்றை இழுக்கும் வேகம் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிவிடும். நெல் கொட்டும் குழியிலிருந்து எட்ட வாயை வைத்துவிட்டு எவ்வளவு பெரிய மோட்டர் பூட்டினாலும் பயனில்லை. அடுத்தது குழாய். தானியத் தூசி குழாய்க்குள் படியாமல் ஓட, காற்று செக்கனுக்கு 18 முதல் 20 மீற்றர் வேகத்தில் போக வேண்டும்.

பிறகுதான் சைக்ளோன். மேலே உருளை, கீழே கூம்பு. பக்கவாட்டில் நுழையும் காற்று உள்ளே சுழலும்போது பாரமான துகள்கள் சுவரில் மோதி கீழே இறங்கும். காற்று நடுக்குழாய் வழியே மேலேறும். இந்த அமைப்பு 1880களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அதற்குச் சற்று முன்பு, 1878 மே 2 அன்று, மினியாபொலிஸ் நகரின் மாவு ஆலையொன்றில் காற்றில் மிதந்த மாத்தூசி வெடித்து 18 பேர் இறந்தார்கள். தானியத் தூசிக்கு வெடிக்கும் குணமும் உண்டு என்பதை ஆலைக்காரர் மறக்கக் கூடாது.

சைக்ளோன் 10 மைக்ரோனுக்கு மேற்பட்ட துகள்களை நன்றாகப் பிடிக்கும். கொடியில் காயும் துணியில் படிவது பெரும்பாலும் அந்தப் பருந்தூசி. அதைவிட நுண்ணியது, அதாவது நுரையீரலின் அடிவரை போவது, பெருமளவு தப்பிவிடும். அதற்குத் துணிப்பை வடிகட்டி வேண்டும். கம்பிக் கூடுகளில் மாட்டிய நீண்ட பைகளின் வெளிப்புறத்தில் தூசி படியும். அழுத்தக் காற்றை நொடிப்பொழுது அடித்து உதிர்ப்பார்கள். பைகளுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மானி பூட்டினால், பை அடைபட்டதா கிழிந்ததா என்பது தெரியும். கரையோர ஈரக்காற்றில் தூசி பையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இங்கே அந்த மானி கட்டாயம் தேவை. நெல் அவிக்கும் கொதிகலனின் புகையை இந்தப் பைகளுக்குள் விடவே கூடாது. ஒரு தீப்பொறி போதும்.

காற்றை இழுக்கும் காற்றாடியை வடிகட்டிக்குப் பின்னால் வைத்தால் அதன் இதழ்கள் தேயாது. ஆனால் அப்போது சைக்ளோனுக்குள் வெற்றிழுவை உண்டாகும். அடியில் தூசி விழும் வாயிலில் சுழலும் காற்றுப்பூட்டு இல்லாவிட்டால், வெளிக்காற்று அதன் வழியே உள்ளே பாய்ந்து பிடித்த தூசியை மறுபடி மேலே தூக்கிவிடும். கூம்பின் அடியில் ஒரு சாக்கைத் தளர்வாகக் கட்டிவைப்பது அந்தப் பூட்டுக்கு ஈடாகாது.

இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அரிசி ஆலைகளுக்கும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவைப்படுகிறது. பரிசோதிக்க வருவோர் சைக்ளோன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், உறிஞ்சு வாயையும் காற்றுப்பூட்டையும் திறந்து பார்க்க வேண்டும். ஆலை முதலாளிமார் அடுத்த போகத்து நெல் வருமுன் இவ்விரண்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்; அந்தத் தூசியை முதலில் சுவாசிப்பவர்கள் உங்கள் தொழிலாளர்கள்.