கொழிஞ்சாம்பாறையில் கொதிக்கிறது, மூணாறில் ஓடுகிறது

பழைய லேப்டாப் இழுத்து இழுத்து நின்றால் கடைக்காரர் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "எஸ்எஸ்டி போட்டு ரேமை ஏத்திடுங்க, பறக்கும்." பறக்கத்தான் செய்கிறது. கூடவே உள்ளிருக்கும் ஃபேனும் இரையத் தொடங்குகிறது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஏப்ரல் மதியத்தில் மடியில் வைக்கவே முடியாது. அதையே உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்கு எடுத்துப் போனால் சத்தம் அடங்கிவிடும்.

பழியைப் புதிய எஸ்எஸ்டி மேல் போடுகிறோம். சாட்டா வகை எஸ்எஸ்டி பல நேரம் பழைய ஹார்டு டிஸ்கைவிடக் குறைவாகவே மின்சாரம் தின்னும். ரேம் இன்னொன்று போட்டால் ஓரிரு வாட் கூடும், அவ்வளவுதான். உண்மையில் மாறுவது புராசஸரின் வேலை. முன்பு அது ஹார்டு டிஸ்கிலிருந்து தகவல் வரட்டும் என்று ரேஷன் கடை வரிசைபோலக் காத்து நின்றது. அந்த ஓய்வில் ஆறியது. இப்போது காத்திருப்பே இல்லை. வேகமான என்விஎம்இ வகை என்றால் கதை வேறு: 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் உள்ள அந்தத் துண்டு, முழு வேகத்தில் 7, 8 வாட் வரை இழுக்கும்.

இந்தச் சூட்டை வெளியே தள்ளுவது ஒரு தட்டையான செம்புக் குழாய். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் நீர் வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் நீர் மிகக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகி, ஃபேன் பக்கம் ஓடி, குளிர்ந்து நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வரும். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்துகாட்டிய நுட்பம் இது. எனக்கு லேப்டாப்பிலேயே மிகப் பிடித்த உறுப்பும் இதுதான்.

ஆனால் குழாயால் அறைக் காற்றைவிடக் குளிர வைக்க முடியாது. கணக்குக்காக, ஒரு வாட்டுக்கு 2 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 வாட்டுக்கு 50 டிகிரி. கொழிஞ்சாம்பாறையில் அறை 40 என்றால் புராசஸர் 90. புது எஸ்எஸ்டி தந்த சுறுசுறுப்பில் 30 வாட் ஆனால் 100. பல இன்டெல் புராசஸர்களுக்கு அதுதான் எல்லை. தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் அங்கே போகிறது. ஆப்பிள் நிறுவனமே தன் மேக்புக்குகளை 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது. பாலக்காட்டு வெயிலுக்கு அது தெரியுமா?

மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருக்கும், ஃபேனுக்குப் பிடிமானம் குறையும் என்பது சரிதான். ஆனால் சூடான காற்றும் மெலிந்ததுதானே! 40 டிகிரிப் பாலக்காட்டுக் காற்றோடு ஒப்பிட்டால் மூணாறுக் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. அறை 18 டிகிரி, அதே 30 வாட்டுக்கு ஏற்றம் 60, மெலிந்த காற்றுக்காக இன்னொரு 5: மொத்தம் 83தான்.

பனிக்காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட கிழக்குக் காற்று தூசியையும் கொண்டுவருகிறது. ஃபேனுக்கு எதிரே உள்ள மெல்லிய தகடுகளுக்கிடையே அது கம்பளிபோல் படியும். இந்த நிலையில் அடியில் கூலிங் பேட் வைப்பது வீண்செலவு. ஊதிச் சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கண்டபடி சுழன்று கெடும். அவசரத்துக்கு விண்டோஸில் புராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக்கினால் இன்டெல் லேப்டாப்களில் டர்போ வேகம் பெரும்பாலும் நின்று, சூடும் இறங்கும்.

புராசஸருக்கும் செம்புக்கும் நடுவே பூசிய பேஸ்ட் நாலைந்து வருடத்தில் காய்ந்துபோகும். எஸ்எஸ்டி மாற்ற எப்படியும் அடிமூடியைக் கழற்றுவார்கள். அன்றைக்கே மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்: "ஃபேனைச் சுத்தம் பண்ணி, பேஸ்ட்டும் மாத்திடுங்கண்ணே."