வேகமான மிதிவண்டியா, ஏற்ற மிதிவண்டியா?

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய விவசாயி ஒருவர், மூன்றாம் மாதப் பரிசோதனைக்குத் தம் மகனுடன் வந்திருந்தார். இதயத்தின் நிலை நன்றாக இருந்தது. இனி நாள்தோறும் அரை மணி நேரம் மிதிவண்டி ஓட்டலாம் என்று கூறியவுடன், மகன் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மெல்லிய சக்கரங்களும் ஆட்டுக்கொம்பைப் போல் வளைந்த கைப்பிடியும் கொண்ட பந்தய வகை மிதிவண்டி அது. “இது மிக வேகமாகச் செல்லும், அப்பாவுக்குச் சிரமமே இராது” என்றார். தந்தையோ, “நம் வீட்டுக்கு வரும் வண்டிப்பாதையை நீ மறந்துவிட்டாய், தம்பி” என்றார். அவர்கள் வீடு நெடுஞ்சாலையிலிருந்து விலகி, செம்மண்ணும் கப்பிக்கல்லுமான பாதையின் முடிவில் இருக்கிறது.

அந்த உரையாடலே இக்கட்டுரைக்குக் காரணம். இத்தகைய ஐயத்துடன் வரும் குடும்பங்கள் பல. மிதிவண்டியின் வடிவத்துக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை அறிந்துகொண்டால், பணத்தை வீணாக்காமலும் உடலுக்கு இன்னல் நேராமலும் முடிவெடுக்க இயலும்.

கடைகளில் ‘ரோடு பைக்’ என்று விற்கப்படுவது வழவழப்பான தார்ச்சாலைக்கென உருவானது. அதன் டயர் 25 முதல் 32 மில்லிமீட்டர் அகலமே உடையது. அதில் சதுர அங்குலத்துக்கு 70 முதல் 100 பவுண்டு வரை காற்று அடைக்கப்படும். ஓட்டுபவர் முன்னோக்கிக் குனிந்து, முதுகை ஏறக்குறையப் படுக்கைவாட்டில் வைத்து அமர்வார். ‘கிராவல் பைக்’ எனப்படும் சரளைச்சாலை மிதிவண்டி தோற்றத்தில் அதன் உடன்பிறப்பைப் போன்றது. கைப்பிடி கூட அதே வளைவுடையதுதான். ஆனால் டயரின் அகலம் 38 முதல் 45 மில்லிமீட்டர். காற்றழுத்தம் 30 முதல் 45 பவுண்டு. இரு சக்கரங்களுக்கும் இடையிலான தொலைவு சற்றுக் கூடுதல். முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் சற்றுச் சாய்வாக நிற்கும். கைப்பிடி உயர்ந்திருக்கும். எடையும் ஓரிரண்டு கிலோ அதிகம்.

சரளை மிதிவண்டி என்னும் பெயர் புதியது, பொருள் பழையது. 1903இல் முதல் பிரான்ஸ் சுற்றுப்பந்தயத்தில் ஓட்டியவர்கள் பெரும்பாலும் மண்சாலையில்தான் ஓட்டினர். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006இல் தொடங்கிய 200 மைல் சரளைச்சாலைப் பந்தயம் இவ்வகை வண்டிகளுக்குப் பெரும் ஊக்கமளித்தது. 2022இல் இத்தாலியில் சரளைச்சாலை மிதிவண்டிக்கென முதல் உலகச் சாம்பியன் போட்டியே நடந்தது. நம் பகுதியில் சரளைச்சாலைக்கென்று தனிப்பந்தயம் தேவையில்லை. பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் வருவதே போதும்.

இனி வேகம். சமதரையில் மிதிவண்டி ஓட்டும்போது உடலின் ஆற்றல் இரண்டு வழிகளில் செலவாகிறது. ஒன்று, டயர் தரையில் அழுந்தி உருளும்போது ஏற்படும் உராய்வு. மற்றொன்று, எதிரே நிற்கும் காற்றைப் பிளந்து செல்லும் உழைப்பு. முதலாவது, வேகம் இருமடங்கானால் தானும் இருமடங்காகும். இரண்டாவதோ, வேகம் இருமடங்கானால் எட்டு மடங்காகிவிடும். ஆகவே மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து செல்பவருக்குக் காற்றும் டயரும் ஏறக்குறையச் சமமான சுமை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்குக் காற்றின் சுமை டயரின் சுமையைப் போல் நான்கு மடங்கு. பந்தய வீரர் குனிந்து அமர்வதன் காரணம் இதுவே. ரோடு பைக்கின் வேகத்தில் பெரும்பங்கு சக்கரத்திலிருந்து வருவதன்று, ஓட்டுபவரின் குனிந்த முதுகிலிருந்து வருவது.

நோயிலிருந்து தேறிவரும் ஒருவர் அவ்வாறு குனிவதில்லை, குனியவும் கூடாது. அப்படியாயின் அவருக்கு மிஞ்சும் வேக வேறுபாடு எவ்வளவு? தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி ஏறத்தாழ 12 கிலோமீட்டர். எதிர்க்காற்று இல்லாத நாளில், சமமான தார்ச்சாலையில், ஒருவர் 50 வாட் அளவுக்கு மென்மையாக மிதிக்கிறார் என்று கொள்வோம். இரு வண்டிகளிலும் ஒரே மாதிரி நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். எடை, டயர், காற்று ஆகியவற்றைக் கொண்டு தோராயமாகக் கணக்கிட்டால், ரோடு பைக்கில் சுமார் 39 நிமிடமும், சரளை மிதிவண்டியில் சுமார் 43 நிமிடமும் ஆகும். வேறுபாடு நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடம் உடற்பயிற்சிக்கென ஓட்டுபவருக்கு இழப்பே அன்று, பயிற்சி நேரத்தில் சேர்வது.

இது வழவழப்பான சாலைக்கான கணக்கு. சாலை கரடுமுரடானால் கணக்கு தலைகீழாகிறது. மெல்லிய டயரில் கடினமாகக் காற்றடைத்தால், ஒவ்வொரு கல்லின் மீதும் வண்டி துள்ளி எழும். துள்ளுவதற்கு ஆகும் ஆற்றல் முன்னே செல்வதற்குரிய ஆற்றலிலிருந்துதான் கழிகிறது. அந்த அதிர்வை ஓட்டுபவரின் தசைகளும் மூட்டுகளும் உறிஞ்சிக்கொள்ள, உடல் விரைவில் களைப்படைகிறது. அகன்ற, மென்மையான டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருண்டுவிடும். கப்பிப் பாதையில் ஒரே உழைப்பில் முந்திச் செல்வது அகன்ற டயரே.

வேகத்தைவிட முக்கியமான வேறொன்றும் இதில் உண்டு. ஒரு சக்கரத்தின் மீது 50 கிலோ எடை அழுந்துகிறது என்று கொள்வோம். 90 பவுண்டு அழுத்தமுள்ள டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 8 சதுர சென்டிமீட்டர். 35 பவுண்டு அழுத்தமுள்ள டயருக்கு அதுவே 20 சதுர சென்டிமீட்டர். வெறுங்காலால் மணலில் நடப்பதற்கும் குதிகால் உயர்ந்த செருப்புடன் நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் போன்றது இது. உதிரி மணலிலும் ஐப்பசி, கார்த்திகை மழைச் சேற்றிலும் மெல்லிய சக்கரம் புதைந்து திசைமாறும். ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள் சிந்திய கரும்புத் துண்டுகளும் தோகையும் சாலையோரத்தில் கிடக்கும் பருவத்தில், அதே ஆபத்து தார்ச்சாலையிலும் உண்டு.

இதய நோயாளருக்கு விழுதல் என்பது சாதாரணச் சிராய்ப்பன்று. ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களும், செயற்கை வால்வு உள்ளவர்களும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்கின்றனர். அவர்களுக்குத் தலையில் ஏற்படும் சிறிய அடி கூட மண்டையோட்டினுள் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். ஆகவே அவர்கள் தலைக்கவசமின்றி மிதிவண்டியில் ஏறக்கூடாது. தலையில் அடிபட்டால், வலி இல்லாவிடினும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்துவது இதற்குத் தீர்வாகாது. அது அடைப்பு மீண்டும் ஏற்பட வழிவகுக்கும்.

அமரும் முறையையும் இங்கே சொல்ல வேண்டும். நெஞ்செலும்பைத் திறந்து பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு அந்த எலும்பு உறுதியாக இணைய ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும். குனிந்து ஓட்டும் வண்டியில் உடலின் எடையில் கணிசமான பங்கு கைகளின் வழியே நெஞ்சுக்கூட்டைத் தாக்குகிறது. ஒவ்வொரு பள்ளமும் அந்த எலும்பில் ஓர் உலுக்கல். எனவே அக்காலத்தில் சாலையில் எந்த மிதிவண்டியும் வேண்டாம். இயன்முறைச் சிகிச்சையாளரின் மேற்பார்வையில் நிலைத்த மிதிவண்டி போதும். அதன் பின்னரும் கைப்பிடி இருக்கையின் உயரத்துக்குச் சமமாகவோ மேலாகவோ இருப்பது நலம். நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு மற்றொரு காரணமும் உண்டு. கைப்பிடியில் எடை ஊன்றினால் உள்ளங்கையின் ஓரத்தில் செல்லும் நரம்பு அழுந்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். ஏற்கெனவே உணர்வு குன்றிய கைகளுக்கு இது கேடு.

மலைப்பாதைக்கு வருவோம். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் சாலையில் காற்றும் டயரும் பொருட்டே அல்ல. ஈர்ப்பு விசை ஒன்றே பகை. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஏற்றத்தில், உடலையும் வண்டியையும் மேலேற்ற ஆகும் விசை சமதரையின் உராய்வைப் போல் பத்து மடங்கு. இங்கே உதவுவது கியர். சாதாரண மிதிவண்டியில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகர்கிறது. சரளை மிதிவண்டியின் மிகச் சிறிய கியரில் இரண்டு மீட்டர் அளவே நகரும். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுபவர், முன்னதில் நிமிடத்துக்கு இருபது சுற்றுக்கூடச் சுற்ற இயலாமல் முழு பலத்துடன் உந்தியாக வேண்டும். பின்னதில் ஐம்பது சுற்று இலகுவாகச் சுற்றலாம். மூச்சை அடக்கி உந்தும்போது இரத்த அழுத்தம் சட்டென உயரும். ஆகவே இதய நோயாளர் ஒற்றைக் கியர் வண்டியில் மலையேறலாகாது. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. எங்கள் கணிப்பில் அதுவும் பயிற்சியே.

இவ்வளவும் படித்தபின் சரளை மிதிவண்டியை வாங்கிவிடலாம் என்று தோன்றலாம். அதன் விலை முப்பது, நாற்பது ஆயிரத்துக்கு மேல். வாங்குமுன் வீட்டுத் தாழ்வாரத்தைப் பாருங்கள் என்பதே எம் பரிந்துரை. அம்பத்தூரில் 1949இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் போன்ற பழைய கறுப்பு மிதிவண்டிகளை நினைவுகூருங்கள். அவற்றின் டயர் 28 அங்குல விட்டமும் ஒன்றரை அங்குல அகலமும் கொண்டது. அதாவது ஏறக்குறைய 40 மில்லிமீட்டர், சரளை மிதிவண்டியின் அகலமேதான். சக்கரங்களுக்கிடையே நீண்ட இடைவெளி, சாய்ந்த போர்க், நிமிர்ந்த அமர்வு ஆகிய அனைத்தும் அவற்றில் உண்டு. நெல் மூட்டையும் பால் கேனும் சுமந்து வரப்போரப் பாதையில் சென்ற அவ்வண்டி, வடிவத்தில் ரோடு பைக்கைவிடச் சரளை மிதிவண்டிக்கே நெருங்கியது. குறைகள் மூன்று: கியர் இல்லை, எடை இருபது கிலோ அளவு, ஈரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. சமதரையில் வாழ்பவருக்கு முதலிரண்டு குறைகள் பெரிதல்ல. மூன்றாவது மட்டும் கவனிக்க வேண்டியது.

தமிழக அரசு 2001ஆம் ஆண்டு தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கி, பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையின்றி வழங்கிவரும் மிதிவண்டிகளும் பல வீடுகளில் உள்ளன. பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றபின் அவை துருப்பிடித்து நிற்கின்றன. மாணவியருக்கான வண்டியில் குறுக்குக் கம்பி தாழ்வாக இருப்பதால், காலை உயரத் தூக்காமல் ஏறி இறங்கலாம். மூட்டு வலி உள்ளவர்களுக்கும், கால் நரம்பை எடுத்து இதயத்தில் பொருத்திய தழும்பு உள்ளவர்களுக்கும் இவ்வமைப்பு மிக ஏற்றது. ஆண்கள் சிலர் ‘லேடீஸ் சைக்கிள்’ என்று தயங்குகின்றனர். தயக்கத்தை விடுக.

அவ்வாறு பழைய வண்டியை எடுப்பதானால், டயரிலும் ட்யூபிலும் வெடிப்பு உள்ளதா என்று பார்த்து மாற்றுங்கள். பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போடுங்கள். பெடல் கீழே இருக்கையில் அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளுமாறு இருக்கையை உயர்த்துங்கள். பின்பு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கும். கல்லாகும் வரை காற்றடிக்க வேண்டியதில்லை. பக்கச் சுவரில் அச்சிட்ட உச்ச அளவுக்குச் சற்றுக் கீழே வைத்தால் அதிர்வு குறையும். பின்னால் சிவப்பு ஒளிபரப்பி ஒன்று பொருத்துங்கள். உளுந்தூர்ப்பேட்டை–சேலம் நான்குவழிச் சாலையைத் தவிர்த்து ஊர்ச்சாலைகளில் செல்லுங்கள்.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்குத் துடிப்பின் எண்ணிக்கையும் சரியான அளவுகோல் ஆகாது. ஓட்டிக்கொண்டே தடையின்றி உரையாட முடிய வேண்டும். ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான உழைப்பு. உலக நலவாழ்வு நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிடத்தை அவ்வளவில் எட்டினால் போதும். இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்துக்கொள்க. நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, தலைசுற்றல் தோன்றினால் உடனே இறங்கி அமர்ந்து 108ஐ அழையுங்கள்; வீடு அருகில்தானே என்று மிதித்துச் செல்லாதீர்கள்.

தந்தையும் மகனும் என்ன முடிவெடுத்தனர் என்று வாசகர் கேட்கக்கூடும். இளைய மகளின் பள்ளி மிதிவண்டியே பழுதுபார்க்கப்பட்டது. புதிய டயர்களும் பிரேக் கட்டைகளும் போட்டு, தலைக்கவசம் ஒன்றை மகன் வாங்கித் தந்தார். அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது அவர் பேருந்தில்தான் வந்தார். பேருந்து நிறுத்தம் வரை மிதிவண்டியில் வந்து, அதைத் தெரிந்த தேநீர்க் கடையில் நிறுத்தியிருப்பதாகக் கூறினார்.