உங்களுக்குத் தெரியுமா? சர்க்கரை நோயும் மனபாரமும்

மாத்திரை, நடை, பத்தியம், மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. சர்க்கரை நோய்க்கு இவ்வளவும் செய்கிறோம். அதோடு சேர்ந்தே வரும் மனபாரத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிவாசிகளுக்காகச் சில தகவல்கள்.

மனபாரத்துக்கும் மதிப்பெண் உண்டு
எதைச் சாப்பிடலாம், காலில் புண் வந்துவிடுமோ, கண் போய்விடுமோ என்று ஓயாமல் யோசித்தே களைத்துப்போகிறவர்கள் ஏராளம். இந்தக் களைப்பை அளக்க, 1995-ல் பாஸ்டன் நகரின் ஜோஸ்லின் சர்க்கரை நோய் மையத்தில் வில்லியம் பொலான்ஸ்கி குழுவினர் 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். மொத்தம் 100 மதிப்பெண். 40-ம் அதற்கு மேலும் வந்தால் மனபாரம் அதிகம், உதவி தேவை என்று பொருள்.

மூன்றரை நூற்றாண்டுக்கு முன்பே
சர்க்கரை நோயாளியின் சிறுநீர் இனிக்கிறது என்று எழுதிவைத்தவர்களில் ஒருவர் 17-ம் நூற்றாண்டு ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ். நீண்ட நாள் துக்கத்தால் இந்நோய் வருகிறது என்றும் அவர் கருதினார். துக்கம் மட்டுமே காரணம் அல்ல என்று இன்று தெரியும். ஆனாலும் மனதுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை அவர் அன்றே கவனித்திருக்கிறார்.

கவலைப்பட்டால் சுகர் ஏறுமா?
ஏறும். மனம் பதறும்போது அட்ரினலின், கார்டிசால் என்னும் ஹார்மோன்கள் சுரக்கின்றன. கல்லீரல் தன்னிடம் சேர்த்துவைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, இன்சுலினின் வேலையும் மந்தமாகிறது. ‘சரியாத்தான் சாப்பிட்டேன், எப்படி ஏறுச்சு?’ என்று குழம்புகிறவர்கள், அந்த வாரம் வீட்டிலும் வேலையிலும் என்ன நடந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பத்தில் ஒருவருக்குத்தான் கட்டுப்பாடு
தமிழகத்தில் 2020-ல் நடந்த கணக்கெடுப்பில், சர்க்கரை நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தது. கட்டுப்படவில்லையே என்று கூனிக் குறுகுகிறவர் தனி ஆள் அல்ல. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

25,455 சென்னைவாசிகள் சொன்னது
சென்னையில் 25,455 பேரிடம் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வில், 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. அதே ஆய்வுத் திட்டத்தின் இன்னொரு பகுதி, சர்க்கரையால் கண், சிறுநீரகம், நரம்பு பாதிக்கப்பட்டவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. பார்வை மங்குகிறது என்று கண்ணைச் சோதிக்கும் நாளிலேயே, மனம் எப்படி இருக்கிறது என்றும் விசாரிக்க வேண்டும்.

பேச ஆள் இருந்தால் சர்க்கரையும் இறங்கும்
சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு ஊர்களில், சர்க்கரை நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிப் பேருக்கு அதனுடன், பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் ஒருவர் தொடர்ந்து பேசி, ஊக்கம் தந்து, நிலவரத்தை மருத்துவர்களுக்குத் தெரிவித்தார். இந்தப் பராமரிப்பாளர்கள் மருத்துவர்கள் அல்லர். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது மேம்பட்டவர்கள் முதல் பிரிவில் 57.4 சதவீதம், பேச ஆள் கிடைத்த பிரிவில் 71.6 சதவீதம். முடிவு 2020-ல் வெளியானது.

பந்தியில் வேண்டாம் புத்திமதி
கல்யாணப் பந்தியில் இலைக்குப் பாயசம் வரும்போதே, ‘உனக்குத்தான் சுகர் ஆச்சே!’ என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிடுகிறோம். அக்கறைதான். கேட்பவருக்கோ அது அவமானம். அதன் விளைவு, மறைத்துச் சாப்பிடுவது. சர்க்கரை நோய் உள்ளவரிடம் எப்படிப் பழகுவது என்று மற்றவர்களுக்காகவே பொலான்ஸ்கி பின்னர் தொடங்கிய நிறுவனம் ஒரு கையடக்க அட்டை அச்சிட்டது. கேட்காமல் அறிவுரை சொல்லாதீர்கள் என்பது அதன் சாரம். வேவு பார்ப்பதை விட்டு, மாலை நடைக்குக் கூடவே கிளம்புங்கள்.

படபடப்பா, லோ சுகரா?
வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு மூன்றும் மனப்பதற்றத்திலும் வரும், சர்க்கரை தாழ்ந்தாலும் வரும். முதலில் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஒருமுறை ரயிலில் மயங்கி விழுந்தவர், அந்தப் பயத்திலேயே சர்க்கரையை எப்போதும் ஏற்றி வைத்துக்கொள்வதுண்டு. அந்தப் பயத்தைப் பேசித் தீர்க்கலாம்.

இன்சுலின் கடைசிக் கட்டம் அல்ல
ஊசி என்றதும் ‘எல்லாம் முடிஞ்சுது’ என்று அழுகிறவர்கள் உண்டு. 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் 14 வயது லெனார்டு தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதுவரை சர்க்கரை நோய் வந்த சிறுவர்களுக்குப் பிழைக்க வழியே இல்லை. இன்சுலின் வந்தது உயிர் காக்கத்தான்.

ஷிப்டுக்கு நடுவே சாப்பாடு
அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி ஆலைகளிலும் இரவு ஷிப்டு பார்ப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரமும் மாத்திரை நேரமும் வாரத்துக்கு வாரம் மாறும். வேலை போய்விடுமோ என்று நோயை மறைப்பவர்களும் உண்டு. உலக சர்க்கரை நோய் நாளான நவம்பர் 14-க்கு 2025-ல் எடுத்துக்கொண்ட பொருளே பணியிடம்தான். மேற்பார்வையாளர்கள் பத்து நிமிடச் சாப்பாட்டு இடைவேளையை மறுக்காமல் தந்தாலே பாதிக் கவலை குறையும்.

இரண்டே கேள்வி
கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? பெரும்பாலான நாட்களில் ‘ஆம்’ என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது சோம்பேறித்தனமும் அல்ல, வயதுக் கோளாறும் அல்ல.

சொன்னது வெளியே போகாது
கவுன்சலிங் என்றால் கட்டாயம் மாத்திரை கொடுப்பார்கள் என்ற பயம் வேண்டாம். பலருக்குப் பேச்சே போதும். எது அதிகம் உறுத்துகிறது என்று கேட்டு, இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு சிறு மாற்றத்தை உங்களோடு சேர்ந்தே முடிவு செய்வார்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் உரிமையையும் ரகசியம் காக்கப்படும் உரிமையையும் தருகிறது.

எங்கே போவது?
அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை வாங்கும் இடத்திலேயே மனநல ஆலோசனைக்கும் வழி கேளுங்கள். மேல்சிகிச்சைக்கு ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும், அம்பத்தூர்க்காரர்கள் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கும் போகலாம். வீட்டிலிருந்தே பேச 14416 என்ற எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அழையுங்கள்.

அடுத்த முறை ரிப்போர்ட்டை நீட்டும்போது, ‘டாக்டர், மனசும் சரியில்ல’ என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் இருந்தால், ‘சுகர் எவ்வளவு?’ என்று கேட்கும் முன், ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேளுங்கள்.