ஆர்தர் லோ (1915–1982)

இந்த பெஞ்சில் சீருடையோடு அமர்ந்திருப்பவர் கேப்டன் மேனரிங், 'டாட்ஸ் ஆர்மி' தொடரின் நாயகன். அவருக்கு உயிர் கொடுத்த ஆர்தர் லோ, டார்பிஷயரின் ஹேஃபீல்டு கிராமத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது மத்திய கிழக்கில் ராணுவப் பணியில் இருந்தவர், சக வீரர்களுக்காகப் போட்ட நாடகங்களில்தான் நடிக்கத் தொடங்கினார். 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரின் ஸ்விண்ட்லி வேடம் அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

'டாட்ஸ் ஆர்மி' 1968 முதல் 1977 வரை பிபிசியில் 80 பகுதிகளாக வந்தது. கதை நடப்பது கற்பனைக் கடலோர ஊர் ஒன்றில். வெளிப்புறக் காட்சிகள் பல இந்தத் தெட்ஃபோர்டிலும் சுற்றுவட்டாரத்திலும் படமாயின.

போர்க்கால ஊர்க்காவல் படைக்குத் தலைமை தாங்கும் வங்கி மேலாளர் மேனரிங். வீறாப்பும் பிடிவாதமும் நிறைந்தவர். தன் கீழ் பணிபுரியும் சார்ஜென்ட் வில்சன் மேட்டுக்குடியில் பிறந்தவர் என்பது அவரை உறுத்திக்கொண்டே இருக்கும். ஒரு நொடி மௌனம், உப்பிய கன்னம், கோணிப்போன மூக்குக்கண்ணாடி: லோவுக்கு அந்த உறுத்தலைக் காட்ட இவையே போதும். இத்தனைக்கும் நடுவே, எதிரி வந்தால் இந்த மனிதர் ஓட மாட்டார் என்றும் நம்ப வைத்தாரே, அதுதான் பெரிய நடிப்பு.

1982 ஏப்ரலில் பர்மிங்காம் அலெக்சாண்ட்ரா அரங்கில், மேடையேறும் முன் ஒப்பனை அறையில் மயங்கி விழுந்தார், மறுநாள் காலமானார். இச்சிலை 2010இல் திறக்கப்பட்டது.